லைன் போன பிறகு

குமரா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்கு, "சரிப்பா, யோசிச்சு செய்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன். வைத்த பிறகு மனம் ஆறவில்லை. "இந்த வேலைய விட்டுடப் போறேன்பா. இனிமே எவன் வீட்லயும் ஏணி வச்சு ஏறி அந்தச் சாமானை மாட்ட எனக்குக் கை வராது" என்றாய். சிங்கப்பூரில் ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் வைஃபை அமைத்துக் கொடுக்கும் இந்த வேலை உனக்குச் சும்மா கிடைத்ததல்ல. மற்றவர்களுக்குக் கேபிள் தூக்கிக் கொடுக்கும் ஆளாகப் போய்ச் சேர்ந்து, ராத்திரியில் படித்து, ஆசைப்பட்டுப் பிடித்த வேலை. அதை விடப்போகிறேன் என்று சொன்ன உன் குரலில் சலிப்பு இருந்திருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். உனக்கு நீயே தண்டனை கொடுத்துக்கொள்கிற மாதிரி இருந்தது.

அம்மாவின் ஆண்டு நினைவுக்கு நீ வந்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். படையல் முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் நீ ஏணியை எடுத்து வந்துவிட்டாய். கூடத்தில் இருந்த கேமரா, அடுப்படி வாசலில் இருந்தது, முன்கதவுக்கு மேலே இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கழற்றினாய். திருகாணி அசையாத இடத்தில் பிடுங்கினாய். சுவர்ப் பூச்சு பெயர்ந்து தரையில் விழுந்தது. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா சாப்பாட்டுத் தட்டோடு கீழே நின்று, "தம்பி, நாளைக்குப் பாத்துக்கலாம்லா, மொதல்ல சாப்பிடு" என்றாள். "நான்தானே ஆன்ட்டி மாட்டுனேன். நானே கழட்டிடுறேன்" என்றாய். கீழே இறங்கியபோது உன் கையில் ரத்தம் இருந்தது. அன்று சாயங்காலமே பஸ் ஏறிப் போய்விட்டாய்.

அப்போதே உன்னை உட்கார வைத்துப் பேசியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. தோட்ட ஆபீஸில் கிராணியாகக் கணக்கெழுதிக்கொண்டிருந்த காலத்திலிருந்தே, எதையும் தாளில் எழுதினால்தான் எனக்கு ஒழுங்காக வரும். அதனால் எழுதுகிறேன். நெஞ்சுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதன் சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போடுவது நல்லதில்லை. நீ எங்களை அந்தக் கேமராவின் வழியாகப் பார்த்தாய். இந்தப் பக்கம், வீட்டுக்குள், அம்மாவோடு இருந்தவன் நான். அந்தச் சாமான் அம்மாவுக்கு என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்று முழுசாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நல்லதையும் கெட்டதையும் மறைக்காமல் சொல்கிறேன். அதற்குப் பிறகு வேலையை விடுவதும் வைத்துக்கொள்வதும் உன் இஷ்டம்.

அம்மாவுக்கு மறதி எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும். முதலில் சாமான் பெயர்கள் போயின. பிறகு பசாருக்குப் போய்விட்டுத் திரும்பும் வழி போயிற்று. அப்புறம் நான் யார் என்பது போயிற்று. நீ மட்டும் போகவில்லை. ஆனால் நீ அவளுக்கு ஏழு வயதிலேயே நின்றுவிட்டாய். மத்தியானம் ஆனால் போதும், சேலையைச் சரிசெய்துகொண்டு, "தம்பிக்கு ஸ்கூல் விட்டிருக்கும், கூட்டியாரேன்" என்று செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவாள். கோலா கங்சார் பக்கம் நாம் இருந்த தோட்டத்தில்தான் நீ படித்த பள்ளிக்கூடம். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோதே லயத்து வீடுகளும் பள்ளிக்கூடமும் காலியாகிவிட்டன. ஈப்போவில் இந்தத் தாமான் குடியிருப்பின் வாசலில் நின்றுகொண்டு, இங்கிருந்து எந்தப் பக்கம் போனால் அந்தப் பள்ளிக்கூடம் வரும் என்று அவள் போகிற வருகிற சீனக் கிழவர்களிடம் கேட்பாள். அவர்களும் பாவம், ஏதோ ஒரு பக்கம் கையைக் காட்டுவார்கள்.

அப்போதுதான் நீ விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து கேமராக்களை மாட்டினாய். நான் பயந்தேன். சுவரெல்லாம் ஒயர் இழுத்து வீட்டைக் கடை மாதிரி ஆக்கிவிடுவாய் என்று நினைத்தேன். ஒரு பொழுதுக்குள் வேலையை முடித்துவிட்டாய். ஒயரே இல்லை. டிவி அலமாரி மேலே ஒரு சின்ன ரௌட்டர், சுவரில் உள்ளங்கை அகலத்துக் கேமராக்கள், கதவு திறந்தால் கூவுகிற, பொட்டளவு அலாரம் ஒன்று. அடுப்படிச் சுவர் தடிப்பாக இருந்ததால் அங்கே சிக்னல் எட்டவில்லை என்று நடையில் இன்னொரு பெட்டியைச் செருகினாய். "எல்லாம் காத்துலயே போய்டும்பா, நீங்க ஒண்ணும் தொட வேண்டியதில்ல" என்றாய். "மழை பேஞ்சா?" என்று கேட்டேன். சிரித்தாய். "மழை வீட்டுக்குள்ளயா பேயும்?" என்றாய்.

அந்தக் கேமராவில் உன் குரல் முதல்முதலாகக் கேட்ட நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீ சிங்கப்பூர் போய்ச் சேர்ந்து, "அம்மா, சாப்டீங்களா?" என்று கேட்டாய். தட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தவள் திரும்பிப் பார்த்தாள். சுவருக்குக் கிட்டே போய் நின்றாள். "வந்துட்டியா? ஏன்டா அங்க ஏறி உக்காந்திருக்க?" என்றாள். நீ என்னவோ சொல்லிச் சமாளித்தாய். "சரி, நான் சாப்பிடுறேன். நீ எறங்கு, விழுந்துடப் போற" என்று சொல்லிவிட்டு, தட்டிலிருந்த சோற்றை முழுக்கச் சாப்பிட்டாள். அதற்கு முந்திய பல வாரங்களாக அவளை ஒரு பிடி சாப்பிட வைக்க நான் பட்ட பாட்டை ஸ்டெல்லாவிடம் கேட்டால் சொல்வாள். அன்றைக்கு நான் அடுப்படிக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அதனால்தான் சொல்கிறேன், நீ மாட்டியது சனியன் இல்லை. அதனால் அவள் சாப்பிட்டாள். மாத்திரை போட்டுக்கொண்டாள். நான் நிம்மதியாகக் குளித்தேன், கடைக்குப் போய் வந்தேன். ஒருநாள் நான் சோபாவில் கண்ணயர்ந்துவிட்டேன். கதவு கூவியது என் காதில் விழவில்லை. சிங்கப்பூரில் இருந்த உன் ஹேண்ட்போனில் விழுந்தது. நீ ஸ்டெல்லாவைக் கூப்பிட, அவள் மாவுக் கையோடு ஓடி, பெரிய ரோட்டு முனையில், லாரிகள் போகிற இடத்தில் அம்மாவைப் பிடித்து நிறுத்தினாள். "அண்ணே, இன்னும் ஒரு நிமிஷம் லேட்டானா அக்கா அந்தப் பக்கம் எறங்கியிருக்கும்" என்று மூச்சு வாங்கச் சொன்னாள். இங்கே தூங்கியவன் நான். அங்கே இருந்துகொண்டு அவளைக் காப்பாற்றியவன் நீ. நீ இதை மறந்துவிட்டாய். அந்த ஒரு மழை நாளை மட்டும் நெஞ்சில் வைத்துக்கொண்டிருக்கிறாய்.

கெட்டதையும் சொல்கிறேன். அம்மாவுக்கு நீ சுவருக்குள் குடியிருக்கிற பிள்ளையாகிவிட்டாய். காலையில் கோப்பி கலக்கி, கேமராவுக்குக் கீழே ஸ்டூலில் வைப்பாள். ஆறிப்போனதும் எடுத்துக்கொண்டு போய், "குடிக்கவே இல்ல பாருங்க" என்று என்னிடம் புகார் சொல்வாள். ஒரு வெள்ளிக்கிழமை, படம் மங்கலாகத் தெரிகிறது, லென்ஸைத் துடையுங்கள் என்று எனக்குச் செய்தி அனுப்பினாயே, அது தூசி இல்லை. சாமி கும்பிட்டுவிட்டு வந்து உனக்குத் திருநீறு பூசியிருந்தாள். உயரத்துக்கு எட்டாமல் நாற்காலி போட்டு ஏறியிருக்கிறாள். அன்று முழுக்க நான் துடைக்கவில்லை. துணி எடுத்துக்கொண்டு போய் நின்றேன், மனசு வரவில்லை. நீயும் அன்று வேலையில் இருந்ததால் மறுபடி கேட்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொன்னால் உனக்கு வலிக்கும். கேமரா வருவதற்கு முன்னால், வெள்ளிக்கிழமை வேலை முடிந்தால் நீ பஸ் பிடிப்பாய். சனிக்கிழமை காலையில் வாசலில் பையோடு நிற்பாய். மாதம் தவறினது இல்லை. கேமரா வந்த பிறகு அது குறைந்தது. "நேத்துகூட அம்மாவப் பாத்தேனேப்பா, நல்லாத்தானே இருக்காங்க" என்பாய். பார்த்தாய்தான். நான் குறையாகச் சொல்லவில்லை. பார்ப்பது அத்தனை சுலபமாகிவிட்டால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். எனக்கும் அது வசதியாக இருந்தது. நீ ராத்திரி பஸ்ஸில் தூங்காமல் வருவதைவிட இது தேவலை என்று நானே நினைத்தேன். அவளுக்கு மட்டும், நீ அந்தச் சுவரில் இருக்கிறாய், ஆனால் இறங்கி வர மாட்டேன் என்கிறாய் என்று ஒரு மனத்தாங்கல். "கோவமா இருக்கானா?" என்று என்னைக் கேட்பாள். "இல்லம்மா" என்றால், "பின்ன ஏன் மடியில வந்து உக்கார மாட்டேங்கறான்?" என்பாள். ஏழு வயதுப் பிள்ளையைப் பற்றி அவள் கேட்கிறாள்.

நீயும் நானும் பேசாமல் இருந்தோமே, அந்தச் சமயத்தையும் எழுதித்தான் ஆக வேண்டும். அம்மா அடுப்படி வாசலில் நின்று கத்த, நான் அவள் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து இழுத்துக்கொண்டு வந்ததை நீ பார்த்தாய். "அப்பா! கைய எடுங்க! அம்மாவ விடுங்க!" என்று சுவரிலிருந்து நீ போட்ட சத்தத்தில் அவள் இன்னும் மிரண்டு என் முகத்தைக் கீறினாள். "தெனமும் இப்படித்தான் செய்றீங்களா? நான் பாக்காத நேரத்துல என்னதான் நடக்குது அங்க?" என்று கேட்டாய். அந்தக் கேமரா வாசலைத்தான் பார்த்தது. அடுப்பைப் பார்க்கவில்லை. கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியை அவள் வெறும் கையால் தூக்கப் போனாள், குமரா. எண்ணெயின் வாடையும் புகையும் உனக்கு வரவில்லை. நான் விளக்கம் சொல்லவில்லை. கேமராவைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டேன். மறுநாள் ஸ்டெல்லா உன்னைக் கூப்பிட்டு, "தம்பி, அப்பா கையில எண்ணெ பட்டு வெந்து போயிருக்கு, நீ என்னாலா பேசுன?" என்று கேட்ட பிறகுதான் உனக்குத் தெரிந்தது. நீ மன்னிப்புக் கேட்டாய். நான் அப்போதே அதை விட்டுவிட்டேன். இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், நீ அந்தச் சாமானை எவ்வளவு நம்பினாய் என்று உனக்குத் தெரிய வேண்டும். அது காட்டுவதே முழுசு என்று நினைத்தாய். அது காட்டாமல் போன நாளில், அதனால்தான் எல்லாம் போயிற்று என்று இப்போது நினைக்கிறாய். இரண்டும் ஒரே தப்புத்தான்.

இனி அந்த மழை நாள். மத்தியானம் தாண்டி வானம் கறுத்தது. ஈப்போ மழை உனக்குத் தெரியும், மலைப்பக்கமிருந்து சுவர் மாதிரி வரும். பின்கட்டில் காய்ந்த துணிகளை எடுக்க ஓடினேன். ஓர் இடி விழுந்து தாமான் முழுக்கக் கரண்ட் போயிற்று. ரௌட்டர் அணைந்தது. கேமராவின் கண்ணில் எப்போதும் எரிகிற அந்தச் சின்ன விளக்கும் அணைந்தது. நான் துணிகளை வாரிக்கொண்டு உள்ளே வர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? வந்தபோது முன்கதவு திறந்திருந்தது. கதவு கூவவில்லை. கூவுவதற்கு லைன் இல்லை. அந்தக் கதவு கூவும் கூவும் என்று பழகிப்போனதால், பகலில் கிரில் கதவைப் பூட்டுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

மழையில் குடையில்லாமல் ஓடினேன். தெருமுனையில் வாழைப்பழம் பொரித்து விற்கிற மலாய்க்கார அம்மா கக் ரோஸ் எனக்கு எதிரே நனைந்துகொண்டு ஓடி வந்தார். "அங்கிள்! ஆன்ட்டி ஜாத்தோ! லோங்காங்!" அவ்வளவுதான் சொன்னார், எனக்குப் புரிந்தது. சாக்கடையில் விழுந்துவிட்டாள். தண்ணீர் முழங்காலுக்குத்தான் ஓடியது. கக் ரோஸின் கணவரும் இன்னொருவரும் ஏற்கெனவே கீழே இறங்கி அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பெலும்பு உடைந்த வலியில் முகம் வெளுத்துப் போயிருந்தது. என்னைப் பார்த்ததும், "பெரியவரே, எங்க தம்பி போயிட்டான். வெளக்க அணைச்சுட்டுப் போயிட்டான். பாத்தீங்களா?" என்று கேட்டாள். என்னைப் பெரியவரே என்றுதான் அந்தக் கடைசி மாதங்களில் அழைத்தாள்.

இதை உன்னிடம் இதுவரை நான் சொல்லவில்லை. அவள் உன்னைத் தேடித்தான் போனாள் என்று தெரிந்தால் நீ தாங்க மாட்டாய் என்று நினைத்தேன். ஆனால் நீ அதை ஏற்கெனவே ஊகித்துவிட்டாய் என்று, அந்த ஏணியில் உன்னைப் பார்த்தபோது தெரிந்துகொண்டேன். 'கேமரா இணைப்பில் இல்லை' என்று உன் போனுக்கு வந்த செய்தியைப் பார்த்துவிட்டு, ஒரு ஓட்டலின் கூரைக்குள் ஊர்ந்துகொண்டிருந்தவன், மழையாக இருக்கும், வந்துவிடும் என்று போனைப் பையில் போட்டாய். நீயே என்னிடம் அழுதுகொண்டு சொன்னாய். எத்தனை மழைக்கு அப்படிப் போய், எத்தனை முறை தானாக வந்திருக்கிறது! நான் அங்கே இருந்திருந்தாலும் பையில்தான் போட்டிருப்பேன். சுவரெல்லாம் ஒயர் இழுத்திருந்தாலும் கரண்ட் இல்லாத வீட்டில் அதுவும் செத்துத்தான் கிடந்திருக்கும்.

கம்பி இருந்த காலத்தை நான் பார்த்தவன். தோட்டத்துக்கே ஒரே டெலிபோன், ஆபீஸில், என் மேஜைமேல். உன் அம்மாவின் அப்பா பாகான் டத்தோவில் தென்னந்தோட்டத்தில் வேலை பார்த்தவர். அவர் இறந்த சேதி அந்த டெலிபோனில்தான் வந்தது, ஆனால் ஒரு நாள் கழித்து வந்தது. மழையில் எங்கேயோ கம்பம் சாய்ந்து கிடந்தது. அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ரப்பர்ப் பால் வாளியோடு மரத்தடியில் நின்றவளிடம் நான் போய்ச் சொன்னேன். நாங்கள் பஸ் மாறி பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது புதைத்துவிட்டு எல்லாரும் குளித்தும் முடித்திருந்தார்கள். ஈர மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அவள் திரும்பி வந்தாள். வரும் வழியில் அந்தச் சாய்ந்த கம்பத்தைப் பஸ்ஸிலிருந்து நான் காட்டினேன். பார்த்தாள். அதன் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. "அவருக்கு மூச்சு தெணறுதுன்னு போன மாசமே சொன்னாங்க. அப்பவே போயிருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். அவள் மகன் நீ. உனக்கும் கோபம் அந்தச் சாமான் மேல் இல்லை என்று நினைக்கிறேன். போயிருக்கலாம் என்பதுதான் உன்னை அறுக்கிறது. அதற்கு என்னிடம் மருந்து இல்லை, தம்பி. அவளுக்கும் அது கடைசிவரை ஆறவில்லை. ஆனால் அதோடு அவள் வேலைக்குப் போனாள், உன்னைப் பெற்றாள், வளர்த்தாள், சிரித்தாள்.

வேலையை விடாதே என்று நான் கெஞ்சப் போவதில்லை. செய்கிறதாக இருந்தால் ஒன்று செய். நாளைக்கு யாராவது ஒரு பிள்ளை உன்னைக் கூப்பிட்டு, அம்மா தனியாக இருக்கிறார், கேமரா மாட்டிக் கொடுங்கள் என்று கேட்டால், மாட்டிக் கொடு. நன்றாக, சிக்னல் எல்லா மூலைக்கும் எட்டுகிற மாதிரி மாட்டு. கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கிற பேட்டரி ஒன்றையும் சேர்த்து வைக்கச் சொல். கதவுக்குப் பூட்டும் போடச் சொல். பக்கத்து வீட்டுக்காரர் நம்பரை வாங்கி வைக்கச் சொல். ஏணியிலிருந்து இறங்கிய பிறகு, அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, இதை மாட்டிவிட்டோமே என்று ஊருக்கு வருவதைக் குறைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல். கம்பெனி விற்பனை ஆள் அதைச் சொல்ல மாட்டான். நீ சொல்லலாம்.

கடைசியாக ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன் போலிருக்கிறது.

அம்மா விழுந்த அன்றே நீ புறப்பட்டு வந்தாய். ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தாய். நெஞ்சு பலவீனமாக இருக்கிறது, இப்போதைக்கு அறுவை முடியாது, பார்க்கலாம் என்றார்கள். கொஞ்சம் தேறினாள். விடுப்பு முடிந்ததால் நீ திரும்பிப் போனாய். போன பிறகுதான் சளி நெஞ்சில் இறங்கிக் காய்ச்சல் ஏறியது. டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, மகனை வரச் சொல்லுங்கள் என்றார். நீ கிடைத்த முதல் பஸ்ஸில் ஏறினாய். வழி முழுக்கப் போனில் இருந்தாய். ஹேண்ட்போனை அவள் காதோடு வைத்து நான் பிடித்துக்கொண்டிருந்தேன். "அம்மா, ஜோகூர் தாண்டிட்டேன்." "அம்மா, கோலாலம்பூர் வந்தாச்சு." அவள் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் நீ பேசப்பேச "ம்... ம்..." என்றாள்.

தஞ்சோங் மாலிம் தாண்டி, மலைப்பக்கமாக ரோடு வளைகிற இடத்தில் உன் குரல் விட்டுவிட்டு வந்தது. பிறகு நின்றது. நான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தேன். போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே பளிச்சென்று வெயில். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அப்புறம் "தம்பி" என்றாள். "தம்பி, பேசு." மறுபடியும் சொன்னாள். மூச்சுக்கு இடையே இடைவெளி நீண்டுகொண்டே போயிற்று. நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, என் தோளைத் தொட்டுவிட்டுத் திரையை இழுத்துவிட்டுப் போனார்.

நான் போனைக் கட்டிலில் வைத்துவிட்டு அவள் காதுக்குக் கிட்டே குனிந்தேன். நீ பேசுகிற மாதிரியே, "அம்மா, வந்துட்டேம்மா" என்றேன்.

நம் இரண்டு பேருக்கும் குரல் ஒன்றுபோல் இருக்கும் என்று ஊரில் சொல்வார்கள். அவள் முகம் திரும்பியது. போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்துத் துழாவினாள். நான் என் கையைக் கொடுத்தேன். பல மாதங்களாக என் கை பட்டாலே "யாரு நீ" என்று உதறியவள், அதைப் பிடித்துக்கொண்டாள். ஏர்கண்டிஷனில் நெடுநேரம் உட்கார்ந்திருந்ததால் என் கை குளிர்ந்து போயிருந்தது. விரல்களைத் தடவிப் பார்த்தாள்.

"கை சில்லுன்னு இருக்கு. மழையில வந்தியா?"

"ஆமாம்மா."

"தலையத் தொவட்டிக்கோ."

அதற்குப் பிறகு அவள் எதுவும் பேசவில்லை. சிறிது நேரத்தில் பிடி தளர்ந்தது. தாப்பா பக்கம் லைன் கிடைத்து நீ கூப்பிட்டபோது, எடுத்துப் பேச எனக்குத் தெம்பு இல்லை.

கடைசியில் அம்மா என்ன சொன்னாங்க என்று நீ கேட்டாய். எரியூட்டிவிட்டு வந்து கேட்டாய், ஆண்டு நினைவுக்கு வந்தபோதும் கேட்டாய். தூங்கிவிட்டாள், ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளிடம் அவள் கணவனாக நான் விடைபெறவில்லை. அதை யாரிடமும் சொல்ல என்னால் முடியவில்லை. உனக்குச் சேர வேண்டியதை நான் வாங்கிக்கொண்டேனே என்ற கூச்சமும் இருந்தது.

நீ பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது, லேட்டாயிட்டேன்பா, லேட்டாயிட்டேன்பா என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். உனக்குத்தான் நீ தாமதமாக வந்தாய். உன் அம்மாவுக்கு நீ வந்துவிட்டாய். அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாய். அவள் உன்னைத் தலையைத் துவட்டிக்கொள்ளச் சொன்னாள்.

அப்பா